சொந்த வலைத்தளம்

சொந்த வலைத்தளம் என்பது ஒரு தனிமனிதரோ, குடும்பத் தொழிலோ, சிறு அமைப்போ தம் பெயரில் பதிவு செய்த ஆள்களப் பெயரின் கீழ், தம் கட்டுப்பாட்டில் உள்ள கோப்புகளைக் கொண்டு நடத்தும் வலைத்தளம் ஆகும். சமூக வலையமைப்புகளில் உள்ள கணக்குகள், இலவச வலைப்பதிவுச் சேவைகளின் துணை முகவரிகள், லிங்க்ட்ரீ போன்ற தன்விவர இணைப்புச் சேவைகள் ஆகியவற்றில் முகவரி சேவையை நடத்தும் நிறுவனத்துக்கு உரியது. சொந்த வலைத்தளத்தில் முகவரியைப் பயன்படுத்தும் உரிமை பதிவு செய்தவரிடம் இருக்கிறது. வழங்கியை மாற்றினாலும், மென்பொருளை மாற்றினாலும், முகவரி மாறுவதில்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

வரையறை

சமூக வலையமைப்புகள் பலவற்றில் பயனரின் தன்விவரப் பகுதியில் ஓர் இணைப்பு மட்டுமே தர இடம் உண்டு. கடை, காணொளி, நூல், தொலைபேசி எண் எனப் பல இடங்களுக்கு வாசகரை அனுப்ப விரும்புவோருக்கு இது போதவில்லை. இக்குறையைத் தீர்க்க எழுந்தவையே தன்விவர இணைப்புச் சேவைகள். பயனர் ஒரு கணக்கைத் தொடங்கித் தம் இணைப்புகளை வரிசையாக இட்டால், அவை பொத்தான்களாக அடுக்கப்பட்ட ஒற்றைப் பக்கம் கிடைக்கும். அப்பக்கத்தின் முகவரி நிறுவனத்தின் பெயரில் தொடங்கிப் பயனரின் பெயரில் முடியும்.

இத்தகைய பக்கம் ஒன்றைச் சொந்த ஆள்களத்தில் அமைப்பதற்குத் தேவையானது ஒரே ஒரு மீயுரைக் கோப்பு. எனவே தன்விவர இணைப்புப் பக்கத்துக்கு மாற்றாக அமைக்கப்படும் ஒற்றைப் பக்கமே பலருக்குச் சொந்த வலைத்தளத்தின் முதற்படியாக அமைகிறது.

வரலாறு

தொடக்க காலம்

டிம் பேர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய உலகளாவிய வலை 1991இல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதன் நிரல்களைப் பொதுவுடைமையாக்கியது. எவரும் எவரிடமும் அனுமதி பெறாமல் வலைப்பக்கம் வெளியிடலாம் என்பது தொடக்கத்திலிருந்தே வலையின் அமைப்பில் உள்ள இயல்பு. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகத்து 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் தொடங்கியது.

தமிழில்

தமிழில் வலைப்பக்கங்கள் முதலில் வெளிநாடுவாழ் தமிழரிடையே தோன்றின. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அதன் தமிழ்ப் பகுதியை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கினார். 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கியது. திண்ணை இணைய இதழ் 1999இல் வெளிவரத் தொடங்கியது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. மதுரைத் திட்டமும் நூலகம் திட்டமும் தனி ஆள்களப் பெயரில் இன்றும் நிலைத்திருப்பவை.

அக்காலத்தில் தமிழ் எழுத்துக் குறியாக்கங்கள் பலவாக இருந்தன. ஒரு தளத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் முதலில் இணைமதி எழுத்துருவிலும், பின்னர் திஸ்கி குறியாக்கத்திலும், அதன்பின் ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. கோப்புகள் திட்டத்தினரின் கையில் இருந்தமையால் ஒவ்வொரு முறையும் அவற்றை மாற்றி எழுத முடிந்தது. உரியவரால் மாற்ற இயலாத இடங்களில் தங்கிவிட்ட பக்கங்கள் இன்றைய உலாவிகளில் பொருளற்ற குறிகளாகவே தெரிகின்றன.

ஜியோசிட்டீஸ்

1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ், எவருக்கும் இலவசமாக வலைப்பக்க இடம் அளித்தது. பக்கங்கள் ஊர்களைப் போன்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மனை எண் போன்ற எண் வழங்கப்பட்டது. தமிழ் ஆர்வலர் பலரும் தம் முதல் பக்கத்தை இங்கேயே அமைத்தனர். 1999இல் யாஹூ நிறுவனம் இதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. இணைய ஆவணகமும் ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவும் பக்கங்களில் ஒரு பகுதியைக் காப்பாற்றின. காப்பாற்றப்பட்டவற்றுக்கும் பழைய முகவரி இல்லாமற் போனது. அவற்றைச் சுட்டிய இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் முறிந்தன.

வலைப்பதிவுகளும் சமூக வலையமைப்புகளும்

2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் தொடங்கப்பட்ட தமிழ்மணம் திரட்டி அவற்றை ஓரிடத்தில் காட்டியது. பெரும்பாலான பதிவுகள் பிளாக்கர், வேர்ட்பிரஸ் ஆகியவற்றின் துணை முகவரிகளில் இருந்தன. ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் முதலிய எழுத்தாளர்கள் தம் பெயரிலேயே ஆள்களம் பெற்று எழுதிவருகின்றனர். பின்னர் எழுத்தின் பெரும்பகுதி சமூக வலையமைப்புகளுக்கு இடம்பெயர்ந்தது. அவற்றுள் ஆர்க்குட் 2014 செப்டம்பர் 30 அன்றும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக், ஹலோ உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. இந்தியாவில் தொடங்கப்பட்ட கூ 2024இல் நின்றது.

தன்விவர இணைப்புச் சேவைகள்

லிங்க்ட்ரீ 2016இல் ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் தொடங்கப்பட்டது. இதே பணியைச் செய்யும் பிற சேவைகளும் தோன்றின. 2022 டிசம்பர் 18 அன்று டுவிட்டர், லிங்க்ட்ரீ உள்ளிட்ட சில சேவைகளுக்கு இணைப்புத் தருவதைத் தடை செய்வதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததால் மறுநாளுக்குள் அறிவிப்பை விலக்கிக்கொண்டது. 2023 ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் தன்விவரத்தில் ஐந்து இணைப்புகள் வரை அனுமதித்தது. இதனால் இச்சேவைகள் தோன்றக் காரணமான குறையே ஓரளவு நீங்கியது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டால் உருவாகும் சேவை, அக்கட்டுப்பாடு மாறும்போது தானும் மாற வேண்டியதாகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கூறுகள்

சொந்த வலைத்தளம் மூன்று கூறுகளால் ஆனது. இவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்வது பயன் தரும். ஒன்றை மாற்றும்போது மற்றவை மாற வேண்டியதில்லை.

ஆள்களப் பெயர்: டொமைன் எனப்படும் இது தளத்தின் முகவரி. இது விலைக்கு வாங்கப்படுவதாகப் பேச்சு வழக்கில் சொல்லப்பட்டாலும், உண்மையில் குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவு செய்யப்படுவதே ஆகும். ஒரே முறையில் 10 ஆண்டுகள் வரை பதியலாம். இந்தியாவுக்குரிய 'டாட் இன்' பெயர்களை இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் மேலாண்மை செய்கிறது. 2005இல் விதிகள் தளர்த்தப்பட்ட பின்னரே இப்பெயர்கள் பொதுமக்களிடையே பரவலாயின. ஆண்டுக் கட்டணம் பொதுவாகச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாயை ஒட்டி அமையும்.

வழங்கி: கோப்புகள் வைக்கப்படும் கணினி. கட்டணம் செலுத்தி இடம் பெறலாம். மாறாத பக்கங்களை மட்டும் கொண்ட சிறு தளங்களுக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் கட்டணமின்றி இடமளிப்பதோடு, பயனரின் சொந்த ஆள்களப் பெயரை இணைத்துக்கொள்ளவும் விடுகின்றன.

கோப்புகள்: பக்கங்களும் படங்களும். இவற்றின் ஒரு படி எப்போதும் உரியவரின் கணினியில் இருக்க வேண்டும். வழங்கி நின்றுபோனால் அப்படியைக் கொண்டு சில மணி நேரத்தில் வேறோர் இடத்தில் தளத்தை மீண்டும் எழுப்பலாம்.

பெயரையும் வழங்கியையும் இணைப்பது ஆள்களப் பெயர் முறைமை ஆகும். தொலைபேசிக் கையேடு பெயருக்கு எண் தருவதைப் போல, இது ஆள்களப் பெயருக்கு வழங்கியின் எண் முகவரியைத் தருகிறது. வழங்கியை மாற்றுவோர் கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் மாற்றினால் போதும். வாசகருக்கு மாற்றமே தெரிவதில்லை.

தமிழில் அமைத்தல்

இன்று தமிழ்ப் பக்கம் ஒன்றை அமைக்கத் தனி எழுத்துரு தேவையில்லை. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் பெறும். 'பழனி' என்னும் சொல்லில் ப, ழ, ன, இகரக் குறி என நான்கு குறிகள் இருப்பதால் அது 12 பைட்டுகள் கொள்ளும். 'கொடைக்கானல்' என்பது 11 குறிகளால் 33 பைட்டுகள் கொள்ளும். இக்கணக்கின்படி 2,000 சொற்கள் கொண்ட கட்டுரைக்கு ஏறத்தாழ 50 கிலோபைட்டு போதும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதைப்போல் பல மடங்கு பெரியது. ஆகவே இணைய வேகம் குறைந்த மலையூர்களில் பக்கம் விரைவாகத் திறக்க வேண்டுமானால், செய்திகளைப் படமாக இடாமல் எழுத்தாக இடுவது நன்று. எழுத்தாக இட்டவற்றைத் தேடுபொறிகள் எளிதிற் கண்டறியும்; பார்வையற்றோர் திரைபடிப்பான் வழியே கேட்கவும் முடியும்.

பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டு அறிவிப்புகள் இன்றியமையாதவை. ஒன்று, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பது. மற்றொன்று, பக்கத்தின் மொழி தமிழ் என்பது. முதலாவது இல்லையேல் எழுத்துகள் சிதையக்கூடும். இரண்டாவது இல்லையேல் திரைபடிப்பான் தமிழைப் பிறமொழி ஒலிப்பில் படிக்க நேரிடும்.

முகவரியையும் தமிழிலேயே அமைக்கலாம். பன்மொழி ஆள்களப் பெயர்களுக்கான முயற்சிகள் 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் நடைபெற்றன. 2003இல் இதற்கான இணையச் செந்தரம் வெளியானது. இதன்படி தமிழ்ப் பெயர் ஒன்று பின்னணியில் உரோம எழுத்துகளால் ஆன மாற்றுவடிவில் சேமிக்கப்படுகிறது. உலாவி அதைத் தமிழில் காட்டுகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழ் எழுத்தில் உயர்நிலை ஆள்களங்களாக உள்ளன. எனினும் சில செயலிகள் தமிழ் முகவரியை மாற்றுவடிவிலேயே காட்டுவதால், உரோம எழுத்து முகவரி ஒன்றையும் உடன் வைத்திருப்பதே வழக்கம்.

ஒப்பீடு

தன்விவர இணைப்புச் சேவையின் நன்மைகள் தெளிவானவை. சில நிமிடங்களில் பக்கம் ஆயத்தமாகும். தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. பராமரிப்பை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அடிப்படை வசதிகள் இலவசம். ஒரு வார விழாவுக்கோ ஒரு முறை நடக்கும் விற்பனைக்கோ இது போதுமானது.

குறைகள் காலப்போக்கில் வெளிப்படுகின்றன. முகவரி நிறுவனத்துக்கு உரியது என்பதால், சேவையை விட்டு வெளியேறுபவர் அம்முகவரியையும் விட்டுச் செல்கிறார். அட்டைகளிலும் பைகளிலும் கடைப்பலகையிலும் அச்சிட்ட முகவரி பயனற்றதாகிறது. பக்கத்தின் வடிவம், கட்டணம், விளம்பரம், பார்வையாளர் தரவு ஆகியவற்றை நிறுவனமே முடிவு செய்கிறது. விதிமீறல் எனக் கருதிக் கணக்கை முடக்கினால், எல்லா இணைப்புகளும் ஒன்றாக மறைகின்றன.

பகிர்ந்துகொள்ளும் முகவரிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. 2003இல் இந்திய அரசு யாஹூ குழுமங்களில் ஒரு குழுமத்தை மட்டும் தடுக்க ஆணையிட்டபோது, இணையச் சேவையாளர்கள் குழுமங்கள் அனைத்தையும் தடுத்தனர். 2006 சூலையில் குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்க வந்த ஆணையின்போதும் பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ் ஆகியவற்றின் முகவரிகள் பல சேவையாளர்களிடம் முழுமையாகத் தடைபட்டன. அவ்வாணைகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத தமிழ்ப் பதிவர்களின் பக்கங்களும் சில நாட்கள் திறக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்ததே அதற்குக் காரணம்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. பிளாக்கர், வேர்ட்பிரஸ் போன்ற சேவைகளில் எழுதிக்கொண்டே, அவற்றுக்குச் சொந்த ஆள்களப் பெயரைப் பொருத்தலாம். சேவை நின்றாலும் பெயர் கையில் இருக்கும். 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய இண்டிவெப் இயக்கம், முதலில் சொந்தத் தளத்தில் வெளியிட்டுப் பின்னர் சமூக வலையமைப்புகளில் பகிரும் முறையைப் பரிந்துரைக்கிறது. இம்முறையில் சமூக வலையமைப்புகள் வாசகரை அழைத்துவரும் வழிகளாக இருக்கின்றன. மூலப்படி எழுதியவரிடமே இருக்கிறது.

பழனி மலைப்பகுதியில்

திண்டுக்கல் மாவட்டத்தின் பழனி மலைத்தொடரும் அதன் அடிவாரமும் முகவரியின் மதிப்பை விளக்கும் சில எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட சூரியனின் ஒளிப்படங்கள் எண்ணிமமாக்கப்பட்டு, அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சொந்த ஆள்களத்தின் கீழ் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. நூறாண்டுத் தரவைச் சுட்டும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு நிலையான முகவரி தேவை.

பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் இணையத்தளம் இந்து சமய அறநிலையத் துறையின் அரசு ஆள்களத்தின் கீழ்த் துணைப்பெயராக உள்ளது. அரசு ஆள்களம் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுவதால், தரிசனமோ தங்குமிடமோ பதிவு செய்யும் பக்தர் முகவரியின் இறுதிப் பகுதியைக் கொண்டே தளம் உண்மையானதா என அறியலாம். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு நடைமுறைப்படுத்தப்பட்ட மின்-அனுமதியும் இணையத்தளம் வழியாகவே வழங்கப்பட்டது. இத்தகைய இடங்களில் சரியான முகவரியை அறிதல் பயணியின் பணத்தையும் தரவையும் காக்கும்.

பழனி வட்டத்தில் மலையடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரம் பேரூராட்சி போன்ற சிற்றூர்களில் நிலை வேறு. இவ்வட்டாரத்தின் வாழ்க்கை வேளாண்மையையும் பழனிக்கு வரும் பக்தர்களையும் கொடைக்கானல் செல்லும் பயணிகளையும் சார்ந்தது. ஆயக்குடிக் கொய்யா, விருப்பாட்சி மலைவாழை, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தம், அதே ஆண்டு அக்குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகியவை ஊர்ப்பெயரால் அறியப்படுபவை. ஊரின் பெயருக்கு மதிப்பு இருக்கும்போது, அப்பெயரைப் பிறர் பயன்படுத்தும் வாய்ப்பும் மிகுதி. சமூக வலையமைப்பில் ஒரே பெயரில் பல கணக்குகள் தோன்றலாம்; ஓர் ஆள்களப் பெயரை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும். தோட்டமோ தங்குமிடமோ நடத்தும் குடும்பம் தன் பொருள், விலை, பருவம், வழி, தொடர்பு எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் இட்டு, அம்முகவரியையே பெட்டிகளில் அச்சிட்டால், வாங்குபவர் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வந்து சேர்வார். இடையில் செயலி மாறினாலும், தொலைபேசி எண் மாறினாலும், முகவரி மாறாது.

வரம்புகளும் இடர்களும்

சொந்த வலைத்தளம் பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது.

புதுப்பிக்கத் தவறுதல்: பெரும்பாலான தளங்கள் இதனாலேயே இழக்கப்படுகின்றன எனக் கூற இயலாவிடினும், தவிர்க்கக்கூடிய இழப்புகளுள் இதுவே முதன்மையானது. 'டாட் காம்' போன்ற பொதுப் பெயர்களில் காலம் முடிந்தபின் பதிவாளரைப் பொறுத்துச் சில வாரங்கள் வரை சலுகைக்காலமும், நீக்கப்பட்ட பின் கூடுதல் கட்டணத்துடன் மீட்க 30 நாட்களும், இறுதியாக 5 நாட்கள் காத்திருப்பும் உண்டு. அதன்பின் பெயரை எவரும் பதியலாம். கைவிடப்பட்ட பெயர்களைச் சூதாட்ட விளம்பரங்களுக்காகப் பதிவு செய்வோரும் உள்ளனர்.

பிறர் பெயரில் பதிதல்: தளத்தை அமைத்துத் தருபவர் தம் பெயரிலேயே ஆள்களத்தைப் பதிவு செய்துகொண்டால், தளம் உரியவருக்குச் சொந்தமாவதில்லை. பதிவாளர் கணக்கும் அதன் மின்னஞ்சலும் உரியவரிடமே இருத்தல் வேண்டும்.

இலவசப் பெயர்கள்: 'டாட் டிகே' முதலிய இலவச ஆள்களங்களை வழங்கிய ஃப்ரீனம் நிறுவனம் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024இல் அத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இலவசமாகப் பெற்ற பெயர் நிலையான பெயர் ஆகாது.

பாதுகாப்பு: தரவுத்தளமும் செருகுநிரல்களும் கொண்ட தளங்களை இற்றைப்படுத்தாமல் விட்டால் ஊடுருவப்படலாம். மாறாத பக்கங்களால் ஆன தளத்துக்கு இவ்விடர் மிகக் குறைவு. போக்குவரத்தை மறையாக்கம் செய்யும் சான்றிதழ்களை லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 இறுதியிலிருந்து இலவசமாக வழங்கிவருகிறது.

வாசகர் வரவு: சமூக வலையமைப்பு தன் பயனர்களிடையே பதிவுகளைத் தானே பரப்பும். தனித்தளத்துக்கு அவ்வசதி இல்லை. தேடுபொறி, அச்சு, வாய்மொழி, பிற தளங்களின் இணைப்பு ஆகியவற்றால் மட்டுமே வாசகர் வருவர். ஆகவே பெரும்பாலோர் இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகின்றனர்.

மேலும், உரியவர் மறைந்தபின் கட்டணம் செலுத்துவார் இல்லையெனில் தனித்தளமும் மறையும். குடும்பத்தில் மற்றொருவருக்குக் கடவுச்சொற்களைத் தெரிவித்து வைப்பதும், இணைய ஆவணகத்தில் பக்கங்களைச் சேமித்து வைப்பதும் இதற்குத் தீர்வாகும்.

அமைக்கும் முறை

முதன்முறையாக அமைப்போர் பின்வரும் வரிசையைப் பின்பற்றலாம்.

1. குறுகியதும் சொல்லிக் கேட்டு எழுதக்கூடியதுமான பெயரைத் தேர்தல். தமிழ்ப் பெயரை உரோம எழுத்தில் பலவாறு எழுத முடியும் என்பதால், தொலைபேசியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நன்று.
2. பெயரைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிதல். இயன்றால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிதல்.
3. ஒரே பக்கத்தை எழுதுதல். யார், என்ன செய்கிறார், எங்கே இருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது என்னும் நான்கும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். பிற இணைப்புகள் அதன் கீழ் வரும்.
4. விலை குறைந்த கைப்பேசியிலும் வேகம் குறைந்த இணைப்பிலும் பக்கத்தைத் திறந்து பார்த்தல்.
5. பக்கத்தை வழங்கியில் ஏற்றி, ஆள்களப் பெயரை இணைத்து, மறையாக்கச் சான்றிதழ் பெறுதல்.
6. சமூக வலையமைப்புத் தன்விவரங்களில் இம்முகவரியை இடுதல்.
7. கோப்புகளின் படியை வேறோர் இடத்தில் சேமித்தல். புதுப்பிக்கும் நாளைக் குறித்து வைத்தல்.

ஒற்றைப் பக்கமாகத் தொடங்கிய தளத்தில் பின்னர் கட்டுரைகளையும் படங்களையும் சேர்க்கலாம். முன்பு இட்ட பக்கங்களின் முகவரிகளை மாற்றாமல் விரிவாக்குவது, அவற்றுக்கு இணைப்புத் தந்த பிறருக்குச் செய்யும் உதவியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

ஆள்களப் பெயர் முறைமை
இணைய ஆவணகம்
ஒருங்குறி
தமிழ்க் கணிமை
மதுரைத் திட்டம்
வலைப்பதிவு